குடிச்சு முடிச்ச பிறகு? காபி பாட் கற்றுத்தரும் ஆறு பேக்கேஜிங் பாடங்கள்

போன செமஸ்டர் எங்க டீம் ஒரு மினி புராஜெக்ட் பண்ணோம். ஹாஸ்டல் ரூம்ல ஒரு கெட்டில் இருந்தா போதும், ஃபில்டர் இல்லாமலே ஒரு டம்ளர் டிகாக்ஷன் காபி ரெடி. அதுக்கு ஒரு பொட்டலம், அவ்வளவுதான் ஐடியா. உள்ளே துணி மாதிரி இருக்கிற ஒரு சின்னப் பை, அதுக்குள்ள எட்டு கிராம் காபித்தூள். வெளியே அலுமினியப் பூச்சு போட்ட பளபளப்பான பிளாஸ்டிக் கவர். கவரைக் கிழிக்கணும், பையைச் சுடுதண்ணியில முக்கணும், பாலும் சர்க்கரையும் சேர்க்கணும். முடிஞ்சது வேலை.

டெமோ அன்னைக்கு அறுபது பேருக்குக் காபி கொடுத்தோம். நல்லா இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க. சில பேர் இரண்டாவது டம்ளர் கேட்டாங்க. நாங்க மிதந்துகிட்டு இருந்தோம். எல்லாரும் கிளம்பின பிறகு லேபைக் கூட்ட வந்த அக்கா மேஜையைப் பார்த்தாங்க. அறுபது கிழிஞ்ச கவர், அறுபது நனைஞ்ச பை. சுவரோரமா ஒரு பச்சைத் தொட்டி, ஒரு நீலத் தொட்டி. சொட்டச் சொட்ட ஒரு பையை எடுத்துக் கையில வெச்சுகிட்டுக் கேட்டாங்க:

"தம்பி, இதை எதுல போடறது? உள்ள இருக்கிற தூள் மக்கும், இந்தத் துணி மக்காது போலிருக்கே. நான் ஒவ்வொண்ணா பிரிச்சு எடுக்கணுமா?"

நாலு பேர் நின்னுகிட்டு இருந்தோம். நாலு வருஷ இன்ஜினியரிங் கிட்டத்தட்ட முடியப்போகுது. ஒருத்தருக்கும் பதில் தெரியல.

அந்தக் கேள்வியைத் தூக்கிக்கிட்டு படிக்க ஆரம்பிச்சப்போதான் ஒரு விஷயம் புரிஞ்சுது. எங்களுக்கு முன்னாடியே, எங்களைவிட ஆயிரம் மடங்கு பெரிய ஆட்கள் இதே இடத்துல மாட்டியிருக்காங்க. அந்தப் பொருளோட பேர் காபி பாட். இந்தக் கட்டுரை அந்தப் பாட் பற்றியது. நீங்க மெக்கானிக்கலோ, கெமிக்கலோ, கம்ப்யூட்டர் சயின்ஸோ, நாளைக்கு ஒரு பொருளை உறையில போட்டு விக்கப் போறீங்கன்னா இது உங்களுக்கும்தான்.

முதல்ல, பாட்னா என்ன?

ஒரே ஒரு கப் காபிக்குத் தேவையான தூளை ஒரு சின்னக் கிண்ணத்துல அடைச்சு, காற்றுப் புகாம மூடினா அதுதான் பாட். கேப்ஸ்யூல்னும் சொல்லுவாங்க. அதை மெஷின்ல வெச்சுப் பட்டனை அமுக்கினா சுடுதண்ணி உள்ள போய், காபியா வெளியே வரும்.

இதுல இரண்டு பெரிய குடும்பம் உண்டு. ஒண்ணு சுவிட்சர்லாந்துல பிறந்த நெஸ்பிரஸ்ஸோ. நெஸ்லே கம்பெனியில இன்ஜினியரா இருந்த எரிக் ஃபாவ்ரே 1976-ல் இதுக்குக் காப்புரிமை வாங்கினார். கடைக்கு வந்தது 1986-ல்தான், அதாவது பத்து வருஷம் கழிச்சு. அடுத்த தடவை உங்க புராஜெக்ட் இரண்டு மாசத்துல ஓடலைன்னு கவலைப்பட்டா இதை நினைச்சுக்கோங்க!

இன்னொண்ணு அமெரிக்காவோட க்யூரிக். ஆபீஸ்ல பெரிய ஜாடியில போட்டு வெச்ச காபி மணிக்கணக்கா சூட்டுல நின்னு கசந்து போறது ஜான் சில்வனுக்குப் பிடிக்கல. கல்லூரியில தன்னோட ரூம்மேட்டா இருந்த பீட்டர் டிராகோனோட சேர்ந்து 1990-கள்ல இந்தக் கம்பெனியைத் தொடங்கினார். 1998-ல் முதல் மெஷின் ஆபீஸ்களுக்குப் போச்சு. அதோட பாட்டுக்கு 'கே-கப்'னு பேர்.

இனி பாடங்களுக்குப் போவோம்.

பாடம் 1: உங்க பொருளோட எதிரி யாருன்னு முதல்ல கண்டுபிடிங்க

பேக்கேஜிங்னு சொன்னதும் நம்ம மனசுல வர்றது கலர், லோகோ, எழுத்து. ஆனா உறையோட முதல் வேலை சண்டை போடுறது. யாரோட சண்டைன்னு தெரியாம உறையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

காபித்தூளுக்கு முதல் எதிரி ஆக்ஸிஜன். காபியில இருக்கிற எண்ணெய்களையும் வாசனைப் பொருட்களையும் அது கெடுத்துடும். இரண்டாவது எதிரி ஈரம். கொட்டையா இருக்கும்போது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனா அரைச்சதும் மேற்பரப்பு பல மடங்கு ஆகிடுது, அதனால கெட்டுப்போற வேகமும் கூடிடும். சர்ஃபேஸ் ஏரியாவைப் பத்தி முதல் வருஷம் படிச்சோமே, அதேதான்.

அதனாலதான் நெஸ்பிரஸ்ஸோ அலுமினியத்தை எடுத்துச்சு. ஓட்டையோ மடிப்பு விரிசலோ இல்லாத அலுமினியத்தைத் தாண்டி ஆக்ஸிஜன் உள்ள வராது. கே-கப் பிளாஸ்டிக்கை எடுத்துச்சு. ஆனா சாதாரண பிளாஸ்டிக் வழியா ஆக்ஸிஜன் மெதுவா கசியும். அதைத் தடுக்க நடுவுல இன்னொரு பிளாஸ்டிக் அடுக்கைச் சேர்த்தாங்க. மேல அலுமினிய மூடி, உள்ளே காகித வடிகட்டி. இந்த 'நடுவுல இன்னொரு அடுக்கு' சமாச்சாரத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பாடம் 5-ல திரும்ப வரும்.

மூணாவது எதிரி ஒண்ணு இருக்கு. அது வெளியே இல்ல, உள்ளேயே இருக்கு. வறுத்த காபிக்கொட்டை கார்பன் டை ஆக்ஸைடை வெளிவிட்டுக்கிட்டே இருக்கும். கொட்டையாவே வெச்சா நாள் கணக்குல மெதுவா வரும். அரைச்சதும் வேகமா வெளியே வர ஆரம்பிக்கும்.

இதை நாங்க புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கல. வறுத்து அரைச்சுத் தர்ற கடையில தூள் வாங்கினப்போ கடைக்காரர் சொன்னார்: "தம்பி, சூடு ஆறட்டும், உடனே கட்டிடாதீங்க." வாசனை போயிடுமேன்னு நாங்க அவர் பேச்சைக் கேட்கல. அன்னைக்கு மதியமே எல்லாத்தையும் சீல் பண்ணிட்டோம். மறுநாள் காலையில பார்த்தா கவர் எல்லாம் பூரி மாதிரி உப்பி நிக்குது. நாலைஞ்சு சீல் விட்டும் போச்சு.

பாட் செய்யுற தொழிற்சாலைகள்ல அரைச்ச தூளைக் கொஞ்ச நேரம் விட்டு, வாயு வெளியேறின பிறகுதான் அடைக்கிறாங்க. அடைக்கும்போது நைட்ரஜனைச் செலுத்தி ஆக்ஸிஜனைத் துரத்துறாங்க. சில காபி பாக்கெட்ல ஒரு சின்ன வட்டமா வால்வு இருக்கும், பார்த்திருப்பீங்க. உள்ள இருக்கிற வாயு வெளியே போகும், வெளிக்காற்று உள்ள வராது. அதுவும் இதே பிரச்சனைக்கான தீர்வுதான்.

உங்க பொருளுக்கு எதிரி எது? அப்பளத்துக்கு ஈரம். கடலை மிட்டாய்க்கு ஈரமும் எண்ணெய் சிக்கடிக்கிறதும். எலக்ட்ரானிக் போர்டுக்கு ஸ்டாட்டிக் மின்சாரம். எதிரியோட பேரை ஒரு தாள்ல எழுதிட்டு, அப்புறமா கவர் டிசைனுக்குப் போங்க.

பாடம் 2: உறையும் மெஷினோட ஒரு பாகமா இருக்கலாம்

இன்ஜினியரா எனக்கு ரொம்பப் பிடிச்ச பாடம் இதுதான்.

நெஸ்பிரஸ்ஸோ மெஷின்ல கேப்ஸ்யூலை வெச்சுப் பிடியை மூடினா, பின்பக்கம் சின்னக் கத்திகள் ஓட்டை போடும். சுடுதண்ணி அழுத்தத்தோட உள்ள போகும். முன்பக்கம் இருக்கிற மெல்லிய அலுமினியத் தகடு உடனே கிழியாது. உள்ளே அழுத்தம் ஏற ஏற அது உப்பி, மெஷின்ல இருக்கிற சின்னச் சின்ன முனைகள் மேல அழுந்தி, ஒரு கட்டத்துல தானா கிழியும். அப்போதான் காபி வெளியே வரும்.

யோசிச்சுப் பாருங்க. அந்தத் தகடு மூடியா இருந்து தூளைக் காப்பாத்துது. அழுத்தம் கூடுற வரைக்கும் வால்வு வேலை பார்க்குது. கிழிஞ்ச பிறகு வடிகட்டியாவும் ஆகிடுது. ஒரே தகடு, மூணு வேலை. தகடு கொஞ்சம் தடிமனா இருந்தா கிழியாது. மெல்லிசா இருந்தா சீக்கிரம் கிழிஞ்சு காபி தண்ணியா வரும். டாலரன்ஸ்னு நாம பரீட்சைக்கு மட்டும் படிக்கிற வார்த்தை, அங்கே ஒவ்வொரு கப்புலயும் ருசியா மாறுது.

கே-கப் வேற மாதிரி. மேல ஒரு ஊசி மூடியைத் துளைச்சுத் தண்ணியை விடும். கீழ ஒரு ஊசி அடியைத் துளைச்சுக் காபியை வெளியே எடுக்கும். உள்ளே இருக்கிற காகித வடிகட்டி தூளைப் பிடிச்சு நிறுத்தும். அழுத்தம் குறைவு, அமைப்பும் எளிமை.

இங்கே பாடம் என்னன்னா: பொருள் வாங்குறவர் கைக்குப் போனதும் உறையைக் கழற்றித் தூக்கி எறியணும்னு கட்டாயம் இல்ல. பயன்பாட்டிலேயே அது ஒரு வேலை செய்யட்டும். மூடியே அளவுக்கரண்டியா இருக்கிற மருந்து பாட்டிலும் இதே குணம்தான்.

பாடம் 3: மக்கள் காசு கொடுக்குறது அளவுக்கு

ஒரு கப் போதும்னு இருக்கும்போது ஒரு ஜாடி போடத் தேவையில்ல. தூளை அளக்க வேண்டாம், கழுவ வேண்டாம், ஒவ்வொரு தடவையும் ஒரே ருசி. பாட் வித்தது இதைத்தான். காபித்தூளைக் கிலோ கணக்குல வாங்கினா ஆகுற செலவைவிடப் பாட்ல பல மடங்கு ஆகும்னு வாங்குறவருக்கும் தெரியும். தெரிஞ்சேதான் வாங்குறார். அளவெடுக்குற தலைவலியை இன்னொருத்தர் ஏத்துக்கிட்டதுக்கு அவர் கொடுக்குற கூலி அது.

இந்த இடத்துல ஒரு கணக்கு பார்க்கணும். ஜெர்மனியோட ஹாம்பர்க் நகர நிர்வாகம் 2016-ல், அரசு அலுவலகங்களுக்குப் பொதுப் பணத்துல காபி பாட் வாங்கக் கூடாதுன்னு முடிவெடுத்துச்சு. அவங்க சொன்ன காரணம்: 6 கிராம் காபிக்கு 3 கிராம் உறை. அப்படின்னா ஒரு கிலோ காபி குடிக்க அரைக் கிலோ குப்பை. அதைப் படிச்சதும் எங்க பொட்டலத்தை லேப் தராசுல வெச்சோம். 8 கிராம் தூளுக்கு 2 கிராம் உறை. ஒரு கிலோவுக்குக் கால் கிலோ. ஹாம்பர்க்கைப் பார்த்துச் சிரிக்கிற நிலைமையில நாங்க இல்ல.

ஆனா கணக்கு இத்தோட முடியல, இன்னொரு பக்கமும் இருக்கு. 2023-ல் கனடாவின் கியூபெக் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சில பேர் காபி போடும் முறைகளை ஒப்பிட்டு எழுதினாங்க. பாட் உறையைவிட, காபியைப் பயிரிடுறதும் தண்ணியைக் கொதிக்க வைக்கிறதும் சூழலுக்குப் பெரிய சுமைன்னு அவங்க கணக்கு காட்டுச்சு. தேவைக்கு மேல தூள் போட்டு, ஜாடி நிறைய வடிச்சு, மிச்சத்தைக் கீழே ஊத்துறவரைவிடப் பாட் குடிக்கிறவர் குறைவா வீணாக்கலாம். அதே சமயம், சுலபமா இருக்குன்னு ஒண்ணுக்கு இரண்டா குடிச்சா அந்த லாபம் போயிடும்னும் அவங்களே எச்சரிச்சாங்க.

அதனால "உறை இருந்தாலே கெட்டது" அப்படின்னு ஒரே வரியில தீர்ப்பு எழுத முடியாது. உறையோட எடையை மட்டும் பார்க்காம, உறை இல்லாட்டி எவ்வளவு பொருள் வீணாகும்னும் பார்க்கணும். இரண்டையும் தராசுல வெச்ச பிறகுதான் பேசணும். ஊத்திக் கொட்டுறதே இல்லாத ஒரு வீட்டுல, ஃபில்டர்ல அளந்து போடுற காபிக்கு முன்னாடி பாட் ஜெயிக்கிறது கஷ்டம். வீணாகாத இடத்துல உறை எதையும் மிச்சப்படுத்தப் போறதில்லையே!

பாடம் 4: பூட்டு போட்டா, வாடிக்கையாளர் சாவி தேடுவார்

மெஷினைக் கட்டுப்படியான விலைக்குக் கொடுத்துட்டு, பாட்ல தொடர்ந்து லாபம் பார்க்கிறது இந்த வியாபாரத்தோட அடிப்படை. பிரிண்டரும் இங்க்கும் மாதிரி. இது ஓடணும்னா என் மெஷின்ல என் பாட் மட்டும்தான் போகணும். அதுவரைக்கும் காப்புரிமை காவல் காத்துச்சு.

2012-ல் கே-கப்போட முக்கியமான காப்புரிமைகள் காலாவதி ஆச்சு. மற்ற கம்பெனிகளும் அதே அளவுல பாட் செஞ்சு மலிவா விக்க ஆரம்பிச்சாங்க. க்யூரிக் என்ன பண்ணுச்சு? 2014-ல் 'க்யூரிக் 2.0'ன்னு புது மெஷின் விட்டுச்சு. பாட் மூடியில அச்சடிச்ச ஒரு தனி மையை மெஷின் படிக்கும். அந்த மை இல்லாத பாட்டை வெச்சா காபி வராது. ஏற்கெனவே மக்கள் சொந்தத் தூளைப் போட்டுத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கிட்டு இருந்த பாட்டும் வேலை செய்யல.

அப்புறம் நடந்தது நம்ம ஊர் ஹாஸ்டல் புத்திதான். அசல் பாட்டோட மூடியை வெட்டி, அந்தத் துண்டை டேப் வெச்சு மெஷினோட சென்சாருக்கு அடியில ஒட்டினாங்க. மெஷின் ஏமாந்து போச்சு. எத்தனையோ இன்ஜினியர்கள் சேர்ந்து செஞ்ச பூட்டுக்கு ஒரு துண்டு செல்லோடேப் சாவி! விற்பனை அடி வாங்குச்சு. 2015 மே மாசம் கம்பெனியோட தலைமை அதிகாரி பிரையன் கெல்லி, தாங்க தப்பு பண்ணிட்டதா ஒத்துக்கிட்டு, சொந்தத் தூள் போடுற பாட்டைத் திரும்பக் கொண்டு வர்றதா அறிவிச்சார்.

ஐரோப்பாவுலயும் இதே மாதிரி ஒரு வழக்கு. மற்ற கம்பெனி கேப்ஸ்யூல்களுக்கு வழிவிடணும்னு பிரான்ஸின் வணிகப் போட்டி ஆணையம் தலையிட்டுச்சு. மெஷின்ல மாற்றம் செஞ்சா அந்தத் தொழில்நுட்ப விவரத்தைப் போட்டியாளர்களுக்கும் முன்கூட்டியே கொடுக்கிறதா 2014-ல் நெஸ்பிரஸ்ஸோ உறுதி கொடுத்துச்சு.

வாங்குறவர் நன்மைக்கான பூட்டு வேற, வாங்குறவரையே அடைச்சு வைக்கிற பூட்டு வேற. மருந்து பாட்டில்ல குழந்தை திறக்க முடியாத மூடி இருந்தா அம்மா நன்றி சொல்லுவாங்க. காபி மூடியில உளவு பார்க்கிற மை இருந்தா அதே அம்மா டேப் எடுப்பாங்க.

பாடம் 5: 'செய்யலாம்' வேற, 'செய்யுறாங்க' வேற

பாடம் 1-ல சொன்ன அடுக்குகள் இங்கே திரும்பி வருது. பிளாஸ்டிக், அதுக்குள்ள இன்னொரு பிளாஸ்டிக், அலுமினிய மூடி, காகிதம், நனைஞ்ச தூள். ஒவ்வொண்ணும் தனியா கிடைச்சா ஏதோ ஒரு வழி பண்ணலாம். எல்லாம் ஒட்டிக்கிட்டு வந்தா யாருக்கும் வேண்டாம். தூளைக் காப்பாத்தின அதே அடுக்குதான் குப்பையில எமனா நிக்குது.

விமர்சனம் கூடினதும் க்யூரிக், பாலிப்ரோப்பிலீன்னு ஒரே வகைப் பிளாஸ்டிக்குக்கு மாறுச்சு. 2020 முடியுறதுக்குள்ள எல்லாப் பாட்டும் மாறிடும்னு சொன்னாங்க. நல்ல முடிவுதான். ஆனா 'ரீசைக்கிள் பண்ணலாம்'னு விளம்பரம் பண்ணதுல வந்தது வினை.

குப்பை பிரிக்கிற தொழிற்சாலையில சல்லடை மாதிரி அமைப்புகள் உண்டு. சின்னப் பொருட்கள் ஓட்டை வழியா விழுந்து, உடைஞ்ச கண்ணாடியோடயும் மண்ணோடயும் கலந்துடும். பாட் சின்னது. பொருள் ரீசைக்கிள் ஆகக்கூடியதா இருந்தாலும், தொழிற்சாலை அதை ஏத்துக்கலைன்னா என்ன பிரயோஜனம்?

2022 ஜனவரியில கனடாவோட போட்டி ஆணையத்தோட செஞ்ச உடன்பாட்டின்படி க்யூரிக் கனடா 30 லட்சம் கனடிய டாலர் அபராதம் கட்டுச்சு. பிரிட்டிஷ் கொலம்பியா, கியூபெக் மாகாணங்களுக்கு வெளியே பெரும்பாலான இடங்கள்ல இந்தப் பாட்டை ஏத்துக்கிறதே இல்லைங்கிறதுதான் குற்றச்சாட்டு. 2024 செப்டம்பர்ல அமெரிக்காவோட பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையமும் பிடிச்சுது. பாட்டை நல்லபடியா ரீசைக்கிள் பண்ணலாம்னு சோதனையில உறுதியாச்சுன்னு ஆண்டறிக்கையில எழுதின கம்பெனி, இரண்டு பெரிய ரீசைக்கிள் நிறுவனங்கள் இதை எடுக்கிற எண்ணம் இல்லைன்னு சொன்னதை எழுதல. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 15 லட்சம் டாலர் கட்டி முடிச்சாங்க.

நம்ம புராஜெக்ட் ரிப்போர்ட்ல நாம என்ன எழுதுறோம்? 'சூழலுக்கு உகந்தது', 'மக்கும் தன்மை கொண்டது'. நானும் எழுதியிருக்கேன். எங்க முதல் ரிப்போர்ட்டோட மூணாவது பக்கத்துல 'ரீசைக்கிள் செய்யத்தக்க கவர்'னு ஒரு வரி இருக்கு. எந்த ஊர்ல, எந்த ஆலையில, யார் எடுத்துக்குவாங்கன்னு நாங்க ஒரு போன்கூடப் பண்ணல. மெட்டீரியல் டேட்டாஷீட்டைப் பார்த்து எழுதினது அது. அக்கா கேட்ட கேள்விக்கு டேட்டாஷீட்ல பதில் இல்ல.

கே-கப்பைக் கண்டுபிடிச்ச ஜான் சில்வனே 2015-ல் ஒரு பேட்டியில, இதை ஏன் செஞ்சோம்னு சில சமயம் வருத்தமா இருக்குங்கிற மாதிரி சொன்னார். தன் வீட்டுல அந்த மெஷின் இல்லைன்னும் சொன்னார். அவர் கெட்ட பொருள் செய்யணும்னு கிளம்பல. ஆறிப்போன ஆபீஸ் காபிக்கு ஒரு தீர்வு தேடினார், கிடைச்சுது. கப் காலியான பிறகு என்னங்கிற கேள்வி மட்டும் அப்போ மேஜையில இல்ல.

பாடம் 6: காலிக்கும் ஒரு விலை இருந்தா, அது திரும்பி வரும்

நெஸ்பிரஸ்ஸோ 1991-லயே சுவிட்சர்லாந்துல காலி கேப்ஸ்யூல்களைத் திரும்ப வாங்க ஆரம்பிச்சுது. அலுமினியம் அதுக்குத் தோதான பொருள். தாதுவிலிருந்து புதுசா எடுக்கிறதைவிட, பழசை உருக்கி எடுக்கச் சுமார் 95 சதவீதம் குறைவான மின்சக்தி போதும். அதனால காலிக்கும் மதிப்பு உண்டு. ஆனாலும் வாடிக்கையாளர் அதைச் சேர்த்து வெச்சுத் திருப்பிக் கொடுத்தாத்தான் கணக்கு நேராகும். குப்பைத்தொட்டியில போட்டுட்டா அலுமினியமும் வெறும் குப்பைதான்.

'ஒரு தடவைக்கு ஒரு உறை' விஷயத்துல நம்ம ஊருக்கும் ஒரு பெரிய வரலாறு இருக்கு. ஷாம்பூ பாட்டில் வாங்க முடியாதவங்களும் வாங்குற மாதிரி சின்னச் சாஷேயில ஷாம்பூ விக்கலாம்னு செஞ்சு காட்டினவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். அவரோட மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோட தொழில் தொடங்கி, 'சிக்' ஷாம்பூவைக் கொண்டு வந்தார். ஆரம்பத்துல அவர் ஒரு திட்டம் வெச்சார்: காலி ஷாம்பூ சாஷேக்களைக் கடையில கொண்டு வந்து கொடுத்தா ஒரு சிக் சாஷே இலவசம். எந்தக் கம்பெனி சாஷேயா இருந்தாலும் சரி. கொஞ்ச நாள் கழிச்சு, சிக் சாஷே மட்டும்தான்னு மாத்தினார்.

அது விற்பனைத் தந்திரம், குப்பையைக் குறைக்க வெச்ச திட்டம் இல்ல. ஆனா இன்ஜினியர் கண்ணோட பாருங்க. காலிக்கு ஒரு விலை வெச்சதும் ஜனங்க அதைத் தூக்கி எறியாம பத்திரப்படுத்திக் கடைக்கே கொண்டு வந்தாங்க! வழி நம்ம ஊர்லயே இருந்திருக்கு. திட்டம் நின்னதும் காலி சாஷே மறுபடியும் வாய்க்காலுக்குப் போச்சு. பல அடுக்கு ஒட்டின சாஷேயைப் பழைய பேப்பர்காரர்கூட எடுக்க மாட்டார், ஏன்னா அவருக்கு அதுல ஒரு பைசா கிடைக்காது.

இதுல இன்னொரு வழியும் உண்டு: உறையையே எடுத்துடறது. சுவிட்சர்லாந்தின் மிக்ரோஸ் நிறுவனம் 2022-ல் 'காபி பி'ன்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு. காபித்தூளை உருண்டையா அழுத்தி, கடற்பாசியிலிருந்து எடுத்த மெல்லிய படலத்தைப் பூசிட்டாங்க. கேப்ஸ்யூல் கிடையாது. குடிச்ச பிறகு உருண்டையை அப்படியே உரக்குழியில போடலாம். அதுக்கும் தனி மெஷின் வேணும், அது வேற விஷயம். ஆனா 'பிறகு என்ன?'ங்கிற கேள்வியை முதல் நாளே கேட்டா டிசைனே வேற மாதிரி வரும்ங்கிறதுக்கு இது சாட்சி.

சரி, எங்க பொட்டலம் என்ன ஆச்சு?

ஒவ்வொரு பைக்கும் இருந்த பளபளப்புக் கவரைத் தூக்கிட்டோம். துணிப் பைக்குப் பதிலா, பிளாஸ்டிக் இழை கலக்காத காகிதப் பை. தூளும் பையும் சேர்ந்தே பச்சைத் தொட்டிக்குப் போயிடும், யாரும் எதையும் பிரிக்க வேண்டாம். இருபது பைகளைக் காற்றுப் புகாத ஒரு எவர்சில்வர் டப்பாவுல வெச்சோம். டப்பா காலியானா திரும்பக் கொண்டு வந்து நிரப்பிக்கலாம். முன்பணம் ஐம்பது ரூபா, டப்பாவைத் திருப்பிக் கொடுத்தா பணம் வாபஸ்.

எல்லாம் சுபம்னு சொல்ல மாட்டேன். டப்பாவைத் திறக்கத் திறக்க ஆக்ஸிஜன் உள்ள போகுது. முதல் நாள் காபியோட வாசனை பத்தாவது நாள் இல்ல. காகிதப் பை சில சமயம் சுடுதண்ணியில ஓரம் விட்டுடுது. இரண்டாவது ரிவ்யூவுல "பழைய கவர்லயே ருசி நல்லா இருந்துச்சே"ன்னு கேட்டு மார்க்கும் குறைச்சுட்டாங்க. அந்தக் கேள்வி நியாயமானதுதான். எதிரியைத் தடுக்கணும், குப்பையையும் குறைக்கணும். இரண்டுக்கும் நடுவுல எங்கே கோடு போடுறதுன்னு இன்னும் சோதிச்சுக்கிட்டு இருக்கோம். இப்போதைக்கு டப்பாவைச் சின்னதாக்கி, ஒரு வாரத்துக்கு ஏழு பைன்னு மாத்திப் பார்க்கிறோம்.

நீங்க ஒரு பொருளுக்கு உறை டிசைன் பண்ணப் போறீங்கன்னா, கேட் சாஃப்ட்வேரைத் திறக்கிறதுக்கு முன்னாடி இந்த ஆறு கேள்விக்கும் பதில் எழுதுங்க:

1. என் பொருளைக் கெடுக்கிறது எது? காற்றா, ஈரமா, வெளிச்சமா, இல்ல பொருளே வெளிவிடுற வாயுவா?
2. பாதுகாக்கிறது தவிர, பயன்படுத்தும்போது இந்த உறை வேற என்ன வேலை செய்யலாம்?
3. ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிராம் உறை? உறை இல்லாட்டி எத்தனை கிராம் பொருள் வீணாகும்?
4. நான் போடுற பூட்டு யாருக்கு உதவுது? வாங்குறவருக்கா, எனக்கு மட்டுமா?
5. 'ரீசைக்கிள்'னு எழுதுறேனே, இந்த ஊர்ல இதை எடுத்துக்கிற ஒரு ஆளோட பேரை என்னால சொல்ல முடியுமா?
6. காலியைத் திருப்பிக் கொடுத்தா கொடுக்கிறவருக்கு என்ன கிடைக்கும்?

அஞ்சாவது கேள்விக்கு நூலகத்துலயோ நெட்லயோ தேடாதீங்க. உங்க டிபார்ட்மென்ட்டைக் கூட்டுற அக்காகிட்டயோ, வாரம் ஒரு தடவை ஹாஸ்டல் வாசல்ல தராசோட நிக்கிற பழைய பேப்பர் அண்ணன்கிட்டயோ உங்க சாம்பிளைக் கொடுத்துக் கேளுங்க. எங்க புது காகிதப் பையை முதல்ல காட்டினது அந்த அக்காகிட்டதான். நனைஞ்ச பையை இரண்டு விரல்ல பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. ஒண்ணும் கேட்காம பச்சைத் தொட்டியில போட்டுட்டு, துடைப்பத்தை எடுத்துகிட்டு அடுத்த ரூமுக்குப் போயிட்டாங்க.

ரிவ்யூ மார்க்கைவிட எங்களுக்கு அது பெருசு.